பேரேட்டில் ஏறாத செலவு

ஒரு டேனரியின் லாப நட்டக் கணக்கைப் புரட்டினால் பச்சைத் தோல் வாங்கிய விலை இருக்கும். குரோம் உப்பு, சுண்ணாம்பு, கூலி, கரண்ட், வங்கி வட்டி எல்லாம் வரிசையாக இருக்கும். பக்கத்து ஊர்க் கிணறு உப்புக் கரித்துப் போன செலவு மட்டும் எந்தப் பக்கத்திலும் இருக்காது. வாணியம்பாடியில் தொடங்கி ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை வரை பாலாற்றங்கரையில் நடந்தது எல்லாமே இந்த விடுபட்ட வரியைப் பற்றிய வழக்குதான்.

பாலாறு கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரா வழியாக வாணியம்பாடி பக்கம் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. வருடத்தில் பாதி நாளுக்கு மேல் வெறும் மணல்தான். தண்ணீர் மணலுக்கு அடியில். நெல், கரும்பு, தென்னை, வீட்டுக் குடிநீர் எல்லாம் அந்த நிலத்தடி நீரை நம்பித்தான். தோல் தொழிலும் அதையேதான் நம்பியது.

பழைய காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக் கணக்கில் ஊறவைத்துத் தோலைப் பதனிட்டார்கள். அரைகுறையாக முடித்த அந்தத் தோல் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் சீமைக்குக் கப்பலேறியது. (அதுவும் ரொம்ப சுத்தம் என்று நினைக்க வேண்டாம், உப்பும் சுண்ணாம்பும் அதிலும் உண்டு.) குரோமியம் வைத்துப் பதனிடும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் சோதித்துப் பார்த்தார். ஆனால் பெரிய மாற்றம் வந்தது 1970களில். பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, இங்கேயே முழுசாக முடித்து அனுப்பலாம் என்று சீதாராமையா கமிட்டி சொன்னது. மத்திய அரசும் அப்படியே செய்தது. நல்ல நோக்கம்தான். கூடுதல் லாபமும் வேலையும் ஊருக்கு வந்தன. அதுவரை ஐரோப்பாவில் நடந்த கடைசிக் கட்ட வேலைகளின் கழிவும் கூடவே வந்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை!

1991ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு 28 ஆகஸ்ட் 1996ல் வந்தது, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. அதில் இருக்கும் எண்களைப் படித்தால் தலை சுற்றும். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர். சுமார் 170 வகை ரசாயனங்கள். தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போயிருந்தது. 'கெடுத்தவரே பணம் கட்ட வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதிதான் என்று நீதிமன்றம் அழுத்திச் சொன்ன முக்கியமான தீர்ப்பு இது. டேனரிகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு வசதி இல்லாவிட்டால் கதவைச் சாத்த வேண்டும். இழப்பைக் கணக்கிடத் தனி ஆணையம்.

விடுபட்ட வரி இப்படித்தான் முதன்முதலாகப் பேரேட்டில் ஏறியது. ஏறியதும் நடந்ததுதான் சுவாரசியம். சாதாரண முறையில் போடும் குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை தோலில் ஏறாமல் தண்ணீரோடு போய்விடும். காசு கொடுத்து வாங்கிய சரக்கு சாக்கடையில்! அந்தத் தண்ணீரைத் தனியாகப் பிடித்து, மக்னீசியம் ஆக்சைடு போட்டு குரோமியத்தை அடியில் படிய வைத்து, கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி தொட்டியில் ஊற்றலாம். சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இதைப் பரப்பியது. சின்ன டேனரிகள் தனித்தனியாக முடியாது என்று சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தின. ராணிடெக், வாணிடெக் எல்லாம் அப்படி வந்த பெயர்கள்.

இதோடு ஒப்பிட இன்னொரு சம்பவம். பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் தோலில் பென்டாகுளோரோபீனால் என்ற மருந்து போடுவார்கள். 1989ல் ஜெர்மனி அதைத் தடை செய்தது. சில வருடங்களுக்குள் இங்கே தொழிலே மாறிவிட்டது. கடல் தாண்டி இருக்கும் வாடிக்கையாளர் சொன்னால் உடனே நடக்கிறது, மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் விவசாயி சொன்னால் கோர்ட்டு வரை போக வேண்டியிருக்கிறது. காரணம் சிம்பிள்... ஜெர்மன்காரர் கணக்கில் வரவுப் பக்கம் இருந்தார்.

அதற்காக 'எல்லாவற்றையும் மூடு' என்று சொல்லிவிடவும் முடியாது. காலையில் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிகளுக்குள் போகும் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும், பெரும்பாலும் பெண்கள், பலர் சுற்றுக் கிராமங்களில் இருந்து வருபவர்கள். ஷூ தைக்கத் தண்ணீர் அதிகம் வேண்டாம். தண்ணீர் கேட்பது அதற்கு முந்தைய கட்டம்தான்.

அந்தக் கட்டத்தில் இன்னும் தீராத சங்கதி உப்பு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பில் மூடித்தான் வருகிறது. குரோமியத்தைப் போல அதை எளிதில் படிய வைக்க முடியாது. ஒரு சொட்டுக் கழிவு நீரும் வெளியே விடக்கூடாது என்ற விதி வந்த பிறகு, ஆர்.ஓ. போட்டுத் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். மீதியைக் காய்ச்சினால் அழுக்கு உப்பு மிஞ்சுகிறது. அதை வாங்க ஆள் இல்லை. தோலை ஊறப் போடும் முன்பே உதறி உப்பை எடுத்துவிடுவதுதான் இருப்பதிலேயே மலிவான வழி, ஆனால் அதற்குக் கூலி ஆகும்.

கசடின் கதை இன்னும் கொடுமை. 31 ஜனவரி 2015 அதிகாலை, ராணிப்பேட்டையில் ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரிக்குள் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் கசடு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள்.

இழப்பீட்டு ஆணையம் 2001ல் தன் கணக்கை அறிவித்தது. அதற்கப்புறமும் வழக்கு நடந்துகொண்டே இருந்தது. 2019ல் வேலூர் மாவட்டமே மூன்றாகப் பிரிந்து ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின, வழக்கு மட்டும் முடியவில்லை. 30 ஜனவரி 2025 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட்டது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஆறு வாரத்துக்குள் பணம் தர வேண்டும், கெடுத்தவர்களிடம் இருந்து அரசு அதை வசூலிக்க வேண்டும், பாலாற்றைச் சரிசெய்ய ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும். மன்றம் முதலில் மனுப் போட்டு அப்போது 34 வருடம் ஆகியிருந்தது.