கோதுமையில்லாப் பசியாறல்

மலேசியத் தமிழர் நாவில் அன்றாடம் பயிலும் நல்ல சொற்களுள் ஒன்று ‘பசியாறல்’. காலையில் ஒருவரையொருவர் கண்டால் “பசியாறிவிட்டீர்களா?” என்று வினவுவது நம் வழக்கம். உண்ட பொருள் இன்னதென்று இச்சொல் கேட்பதில்லை; பசி ஆறியதா என்பதையே கேட்கின்றது. தோட்டத்து லயன்களில் பிறந்து வளர்ந்த என் போன்றோர்க்கு இச்சொல்லைக் கேட்டவுடன் தூக்குச்சட்டியும் அதனுள் மோர் கலந்த பழைய சோறும் நினைவுக்கு வரும். இன்றைய மாணவர்க்கோ ரொட்டி சானாயும் மீ கோரேங்கும் நினைவுக்கு வரக்கூடும். இவ்விரு நினைவுகளுக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாறு கிடக்கின்றது. அவ்வரலாற்றை எண்ணிப் பார்க்குமாறு என்னைத் தூண்டியது ஒரு தாயின் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டில் பயின்ற மாணவன் ஒருவன் அடிக்கடி வயிற்று வலியென்று கூறி வகுப்பைவிட்டு எழுந்து போவான். உடல் மெலிந்து, வயிறு உப்பி, எந்நேரமும் சோர்ந்து காணப்பட்டான். பாடத்திற்கு அஞ்சி நடிக்கிறான் என்று ஆசிரியர் சிலர் எண்ணினர். நானும் அவ்வாறே எண்ணினேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பல மாதங்கள் கழித்து மருத்துவர்கள் ஆய்ந்து, அவனுக்குச் ‘சீலியாக்’ என்னும் நோய் இருப்பதாகவும், கோதுமை கலந்த எதனையும் அவன் வாழ்நாள் முழுவதும் உண்ணலாகாது என்றும் கூறினர். அவன் தாயோ தொழிற்சாலையில் வேலை செய்பவர். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பேருந்து ஏற வேண்டியவர். அவர் என் அறைக்கு வந்து, “ஐயா, ரொட்டி ஆகாது, மீ ஆகாது, பிஸ்கட்டும் ஆகாது என்கிறார்கள். காலையில் இருக்கிற பத்து நிமிடத்தில் நான் என்னதான் செய்து கொடுப்பேன்?” என்று கேட்டார்.

எனக்கு உடனே விடை தோன்றவில்லை. அன்று மாலை வீடு திரும்பும்போதுதான் என் தாயின் நினைவு வந்தது. பத்து நிமிடங்கூட இல்லாத காலைப்பொழுதுகளில் அவர் எங்கள் அனைவரையும் பசியாற்றினார். அவ்வுணவுகளில் கோதுமை பெரும்பாலும் இருந்ததில்லை.

ரப்பர் மரத்தைப் பொழுது புலருமுன் வெட்டத் தொடங்க வேண்டும். குளிர்ச்சியான வேளையில்தான் பால் நன்கு ஒழுகும். வெயில் ஏற ஏறப் பாலோட்டம் குறைந்துவிடும். ஆகவே, இருள் பிரியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்பது பால்வெட்டுத் தொழிலாளியின் அன்றாடக் கடமையாயிற்று. அந்நேரத்தில் விறகடுப்பை மூட்டிச் சமைப்பது எளிதன்று. முதல்நாள் இரவு வடித்த சோற்றில் நீரூற்றி மூடி வைத்துவிட்டால், விடியலில் உணவு ஆயத்தமாக இருக்கும். உப்பிட்டு, மோர் இருந்தால் மோரும் சேர்த்து, சின்ன வெங்காயத்தையோ சுட்ட கருவாட்டையோ துணையாகக் கொள்வர். மரங்களை வெட்டி முடித்துப் பால் எடுக்கத் தொடங்குமுன் கிடைக்கும் சிறு இடைவேளையில், தூக்குச்சட்டியைத் திறந்து நிழலில் அமர்ந்து பசியாறுவர்.

நீரில் ஊறும் சோறு இரவு முழுவதும் மெல்லப் புளிக்கின்றது. லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அவ்வேலையைச் செய்கின்றன. இட்டலி மாவும் கூழுக்குக் கரைத்த கேழ்வரகு மாவும் அவ்வாறே இரவில் புளிப்பவை. காலையில் செய்ய வேண்டிய வேலையை முதல்நாள் இரவிற்கே தள்ளிவிடுதல்தான் இவையனைத்திற்கும் பொதுவான முறை. விரைவுணவு என்பது நகர வாழ்க்கை தந்த புதுமை என்று நாம் எண்ணுகிறோம். நேரமின்மையைத் தோட்டத்துத் தாய்மார் நமக்கு முன்பே அறிந்திருந்தனர்.

இதனைப் பெருமையாக மட்டும் எழுதுதல் உண்மைக்குப் பொருந்தாது. பழைய சோற்றை அவர்கள் உண்டதற்குக் குறைந்த கூலியும் ஒரு காரணம். அச்சோறும் கிட்டாத காலம் ஒன்று வந்தது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கு மேல் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து பெற்று வந்தது. போரினால் அவ்வரத்துச் சுருங்கவே, மக்கள் மரவள்ளிக்கிழங்கையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கையும் நட்டு உயிர் பிழைத்தனர். ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளர் சயாம் – பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். வீட்டில் எஞ்சிய பெண்டிர் கிழங்கை அவித்தும், சீவி உலர்த்தி மாவாக்கியும் குழந்தைகளைக் காத்தனர். என் பாட்டியார் இறுதிவரை மரவள்ளிக்கிழங்கை விரும்பி உண்டதில்லை. ஆயினும், வீட்டுக் கொல்லையில் நான்கு குச்சிகளை நட்டு வைக்க என்றும் மறந்ததில்லை.

அதே போர்க்காலத்தில், கடல் பல கடந்த ஹாலந்து நாட்டில், நம் மாணவனின் நோயைப் பற்றிய உண்மை ஒன்று தெளிவாகி வந்தது. இந்நோய் பழையது. கிரேக்க மருத்துவரான அரேட்டயஸ் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பே இத்தகைய வயிற்று நோயைப் பற்றி எழுதியுள்ளார். 1888இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் கீ அதன் குறிகளைத் தெளிவாக விளக்கி, நோய் தீருமாயின் உணவாலேயே தீரும் என்று கருதினார். எவ்வுணவு தீது என்பது மட்டும் தெரியவில்லை. 1924இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ், நோயுற்ற குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முதன்மையாகக் கொடுத்து, ரொட்டி முதலியவற்றை நிறுத்தினார். குழந்தைகள் தேறினர். வாழைப்பழமே மருந்து என்று உலகம் நம்பியது. உண்மையில் குழந்தைகளைத் தேற்றியது அவர் கொடுத்த பழமன்று. அவர் நிறுத்திய ரொட்டியே.

அதனை உணர்ந்தவர் ஹாலந்தின் ஹேக் நகரக் குழந்தை மருத்துவர் விலெம் காரெல் டிக்கே. 1930களிலேயே அவர் கோதுமையின்மீது ஐயம் கொண்டு, கோதுமை நீக்கிய உணவைக் கொடுத்துப் பார்த்து, 1941இல் அதனைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். 1944 – 45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஜெர்மானியரின் பிடியிலிருந்த மேற்கு ஹாலந்தில் கொடிய பஞ்சம் நிலவியது. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். ரொட்டி மிகவும் அரிதாயிற்று. ஊரே பசியால் வாடிய அக்காலத்தில் சீலியாக் நோயுற்ற குழந்தைகள் மோசமடையவில்லை. போர் முடிந்து ரொட்டி மீண்டும் கிடைத்தபோது அவர்களின் நோயும் திரும்பியது. டிக்கே 1950இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் கோதுமையின் தீங்கை எடுத்துரைத்தார். அவரும் உடன் ஆய்ந்தோரும் கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதமே காரணம் என்பதைப் பின்னர் நிறுவினர்.

பஞ்சமே இவ்வறிவைத் தந்தது என்று சிலர் சுருக்கமாகக் கூறுவதுண்டு. அவ்வாறன்று. முன்பே ஐயுற்று நோக்கிய ஒருவருக்குப் பஞ்சம் சான்றாக அமைந்தது. நோக்காதவர்க்கு அதே பஞ்சம் வெறும் துன்பமாகவே கழிந்தது.

குளூட்டனைத் தமிழில் ‘பசையம்’ என்பர். அதனை மாணவர்க்குக் காட்டுதல் எளிது. கோதுமை மாவைப் பிசைந்து உருண்டையாக்கி, நீரில் மெல்லக் கசக்கிக் கழுவினால், வெண்ணிற மாவுச்சத்துக் கரைந்து போகும். ரப்பரைப் போல் இழுபடும் சவ்வொன்று கையில் எஞ்சும். அதுவே பசையம். இத்தாலிய அறிஞர் பெக்காரி 18ஆம் நூற்றாண்டிலேயே இவ்வாறு அதனைப் பிரித்தெடுத்தார். அரிசி மாவைக் கழுவினால் அத்தகைய சவ்வு கிடைப்பதில்லை. ரொட்டி சானாயை வீசி விரிக்க இயல்வதும், அரிசி மாவை அவ்வாறு வீச இயலாததும் இதனாலேயே. சீலியாக் நோயுள்ளவர் இதனை உண்டால், உடலின் காப்பாற்றலே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகின்றது; உண்ட உணவின் சத்து உடலில் சேர்வதில்லை. கோதுமை மட்டுமன்றி வாற்கோதுமையும் ரை என்னும் தானியமும் அவர்களுக்கு ஆகா. அரிசி, கேழ்வரகு, கம்பு, தினை, சோளம், பருப்பு வகைகள், கிழங்குகள் ஆகியவற்றில் அவர்களுக்குத் தீங்கு செய்யும் பசையம் இல்லை.

இங்கே வரலாறு பயில்வோர் கருத்தாக இருத்தல் வேண்டும். நம் முன்னோர் பசையத்தின் தீமையை அறிந்தே கோதுமையை விலக்கினர் என்று பெருமிதம் கொள்வோர் இருக்கக்கூடும். அது வரலாறாகாது. தமிழ் நிலத்தில் நெல்லும் சிறுதானியங்களும் விளைந்தன, விளைந்ததை உண்டனர். தோட்டத்தில் அரிசி கிடைத்தது, அதனை உண்டனர். வாழைப்பழத்தை மருந்தென்று எண்ணியவரின் பிழையை நாமும் செய்தலாகாது. நோயில்லாதவர் கோதுமையை அஞ்சி விலக்க வேண்டியதும் இல்லை. காரணம் எதுவாயினும், கோதுமையின்றி விரைந்து பசியாறும் முறை ஒன்று நம் கையில் இருந்தது. அது இன்று ஒரு குழந்தைக்குத் தேவைப்படுகின்றது. அதனை நாம் ஏன் மறந்தோம்?

கோதுமை விளையாத இந்நாட்டில், 1960களில் அயல்நாட்டுக் கோதுமையை அரைக்கும் பெரிய ஆலைகள் எழுந்தன. ஜப்பானில் 1958இல் மொமொஃபுகு ஆண்டோ உருவாக்கிய உடனடி மீ, பின்னர் நம் சமையலறைகளிலும் இடம்பெற்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புப் பகுதிகளாகியும் போக, மக்கள் நகரை நாடினர். ஆலை வேலைக்கு விரையும் கைகளுக்கு ரொட்டித் துண்டே எளிதாயிற்று. இவற்றோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது. பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற முதல் ஆண்டில், தூக்குச்சட்டியை நண்பர் கண்ணில் படாமல் புதரோரம் அமர்ந்து திறந்தவன் நான். அடுத்த ஆண்டு முதல் ரொட்டிக்குக் காசு தருமாறு தாயிடம் அடம்பிடித்தேன்.

மறுவாரம் அம்மாணவனின் தாயை அழைத்து, என் தாய் செய்தவற்றை இன்றைய வசதிக்கேற்பச் சொன்னேன். இரவுச் சோறு ஆறியதும் தாமதியாமல் தூய நீரூற்றி மூடிவைத்து, காலையில் தயிர் கலந்து, வறுத்த நெத்திலியுடன் கொடுக்கலாம். விடுமுறை நாளில் அரைத்த இட்டலி மாவைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் நான்கைந்து நாள் பயன்படும். தோசை ஒன்று இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். அவலைக் கழுவிப் பத்து நிமிடம் ஊறவைத்துத் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் சேர்த்தால் அடுப்பே வேண்டா. சந்தையில் விற்கும் இடியாப்பம் அரிசி மாவில் மட்டும் செய்யப்பட்டதா என்று கேட்டு வாங்கலாம். மீக்குப் பதிலாக, அரிசியால் ஆன பீஹூனை நீரில் ஊறவைத்து, மஞ்சளும் உப்பும் முட்டையும் சேர்த்து வதக்கலாம். மரவள்ளிக்கிழங்கைத் தோல் நீக்கி இரவிலேயே நன்கு அவித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து, காலையில் தாளித்துக் கொடுக்கலாம்.

மறைந்திருக்கும் கோதுமையையும் அவருக்கு எடுத்துக் காட்டினேன். ரவையும் சேமியாவும் பெரும்பாலும் கோதுமையே. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது வழக்கம். சோயா சாற்றிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. மால்ட் சேர்ந்த பானங்களில் வாற்கோதுமை இருக்கும். கோதுமை அரைத்த எந்திரத்தில் கேழ்வரகை அரைத்தால் அதுவும் ஆகாது. நோய் இருக்குமோ என்று ஐயுறும் பெற்றோர், மருத்துவச் சோதனைக்கு முன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடுதல் கூடாது; நிறுத்தினால் சோதனையில் நோய் புலப்படாமல் போகக்கூடும்.

அத்தாய் அனைத்தையும் கேட்டுவிட்டு, “இதெல்லாம் எங்கள் அம்மா செய்ததுதானே, ஐயா!” என்றார். அவரும் தோட்டத்தில் வளர்ந்தவர்தாம்.

ஆயினும், சிக்கல் அத்துடன் தீரவில்லை. முதல் நாள் அவன் பழைய சோற்றைத் திறந்தபோது உடனிருந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திச் சிரித்தனர். மறுநாள் அவன் சோற்றைத் தொடாமல் கொண்டு போனான். செய்தி என் காதுக்கு எட்டியதும் என் பழைய புதரோரம் நினைவுக்கு வந்தது. அடுத்த நாள் ஓய்வு வேளையில் நானும் ஒரு தூக்குச்சட்டியில் பழைய சோறு கொண்டு சென்று, சிற்றுண்டிச்சாலையில் அவன் அருகில் அமர்ந்து உண்டேன். யாருக்கும் அறிவுரை கூறவில்லை. ஓரிரு வாரங்களில் வேறு சில பிள்ளைகளும் வீட்டில் கேட்டுக் கொண்டுவரத் தொடங்கினர். சிற்றுண்டிச்சாலை நடத்துபவரும் கோதுமையில்லாப் பலகாரம் ஒன்றை நாள்தோறும் வைக்க இசைந்தார். சில மாதங்களில் அம்மாணவன் உடல் தேறினான். வயிற்று வலியென்று எழுந்து போவதும் நின்றது.

உலகில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக ஆய்வாளர் கணிக்கின்றனர். அவர்களுள் பலர் தம் நோயை அறியாமலே வாழ்கின்றனர். நம் வகுப்பறைகளிலும் அத்தகைய குழந்தை இருக்கக்கூடும். ஆதலின், ஆசிரியப் பெருமக்களிடம் நான் வேண்டுவது ஒன்று. வயிற்று வலியென்று ஒரு பிள்ளை எழுந்து நின்றால், நான் செய்தது போல் அவனைச் சோம்பேறி என்று முடிவு செய்துவிடாதீர்கள். “பசியாறினாயா?” என்று கேளுங்கள். “என்ன சாப்பிட்டாய்?” என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.