டிரான்ஸ்ஃபர் கேஸ் மாற்றியபின் எழும் அதிர்வு

நான்கு சக்கர இயக்கமுள்ள ஜீப்பில், கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டியே டிரான்ஸ்ஃபர் கேஸ். அதை மாற்றிய வண்டி நடுங்கினால் உடனே பெட்டியைக் குறை சொல்கிறோம். பல நேரம் கோளாறு, பெட்டி உட்கார்ந்த உயரத்தில் இருக்கும்.

சுரங்கச் சேறு ஒட்டும் நெய்வேலி போன்ற ஊரில் முதல் வேலை வண்டியைக் கழுவுவது. சக்கரத்தின் உள்விளிம்பில் ஒரு கைப்பிடி சேறு காய்ந்திருந்தாலே ஸ்டீயரிங் உதறும். பிறகு ஆளில்லாத நேரான சாலையில், அதிரும் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்ற வேண்டும். நடுக்கம் நின்றால் இன்ஜின் பக்கமும், தொடர்ந்தால் பெட்டியிலிருந்து அச்சுக்கு விசை கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், சக்கரம் பக்கமும் பார்க்க வேண்டும். முன் ஷாஃப்டைக் கழற்றி ஓட்டிப் பார்ப்பதும் தேடலைச் சுருக்கும்.

ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் சுழலும்போது, ஒரு சுற்றுக்கு இருமுறை வேகம் கூடிக் குறையும். இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால்தான் ஒன்றை மற்றொன்று ஈடுசெய்யும். வேறுபாடு 1 பாகையைத் தாண்டாமல் இருப்பது நல்லது. பெட்டியைத் தாங்கும் மவுண்ட் அரை அங்குலம் இறங்கினாலும் இந்தக் கணக்கு மாறும். ஷாஃப்டை இரண்டாகப் பிரித்துச் சேர்க்கையில் ஜாயின்டைப் பிடிக்கும் இரு முனை யோக்குகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். இரு பகுதிகளும் பல்லோடு பல் சேரும் ஸ்ப்லைனில் ஒரு பல் தவறினாலும் வண்டி நடுங்கும். கழற்றும் முன்பே சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோணம் அளக்காமல் ஷாஃப்டைப் பேலன்சிங்குக்கு அனுப்புவது வீண் செலவு.