வித்தியாதரிசி வந்த நாட்கள்

இத்தவணை மதிப்பீட்டுக் குழுவினர் எமது மாத்தளைப் பாடசாலைக்கு நல்ல அறிக்கை தந்துள்ளனர். செய்தி கேட்டதும் எம்மில் மூத்தோரின் பேச்சு வித்தியாதரிசியிடம் போய்விட்டது. (இளையோருக்கு: அக்காலப் பாடசாலைப் பரிசோதகர்.)

உதவி நன்கொடைக் காலத்தில் பாடசாலையின் சீவனம் அவர் அறிக்கையில் இருந்தது. இடாப்பைப் புரட்டுவார், பெண்பிள்ளைகளின் தையலையும் பார்ப்பார். 1907ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 10 வயதுவரையான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி தரும்படி துரைமாரைப் பணித்தது. அதன்பின்? எல்கடுவையிலும் இரத்தோட்டையிலும் கொழுந்துக் கூடைதான். அவ்வீடுகளிலிருந்து ஒரு பெண்ணை நகருக்குப் படிக்க அனுப்புவது சாதாரண காரியமன்று.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960-61இல் உதவிபெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. நன்கொடைப் பயம் போயிற்று, இடாப்பு போகவில்லை. புதிய அறிக்கையிலும் நாம் முதலில் தேடியது மாணவியர் வரவைத்தான். கொழுந்து மலிந்த மாதங்களிலும் அது குறையவில்லை.