எருமைக்கன்றுக் குடற்புழு

எருமை, மாடு ஆகியவற்றின் இளங்கன்றுகளின் சிறுகுடலில் வாழும் பெரிய வட்டப்புழு. அறிவியற் பெயர் டொக்சோகாரா விட்டுலோரம். வளர்ந்த பெண்புழு 30 சென்ரிமீற்றர் வரை நீளும். இலங்கையின் வன்னிப் பட்டிகளில் 'பூச்சி' என்ற ஒரே சொல் எல்லாக் குடற்புழுக்களுக்கும் பொதுவாக வழங்குகிறது. ஆனால் இந்தப் புழு மற்றவை போல் புல்லை மேய்ந்து கன்றுக்கு வருவதில்லை. தாயின் பாலில் வருகிறது.

இதை முதலில் விவரித்துப் பெயரிட்டவர் ஜேர்மனியின் குவெட்லின்பேர்க் நகரப் பாதிரியார் யொஹான் கோய்ட்சே. ஆண்டு 1782. நுணுக்குக்காட்டியில் நீர்க்கரடி என்னும் நுண்ணுயிரைக் கண்டு எழுதியவரும் அவரே. மூன்று வாரக் கன்றின் வயிற்றில் முழுப் பருவப் புழு எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்க அதன்பின் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் சென்றன. கருவிலேயே தொற்றுகிறது என்றே பலர் நம்பினர். 1971இல் ஈ. ஜி. வாரன் வெளியிட்ட ஆய்வு பாலைச் சுட்டியது.

எருமையில் இந்தச் சுற்றைத் தெளிவாக்கிய ஆய்வுகளில் முக்கியமானவை இலங்கையில் நடந்தன. ஜே. ஏ. ரொபேர்ட்ஸ், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் எஸ். ரி. பெர்னாண்டோ முதலியோர் 1980களின் பிற்பகுதியில் செய்த வேலை அது. கன்றின் சாணத்தோடு முட்டைகள் மண்ணில் விழுகின்றன. முட்டைக்குள் குடம்பி உருவானதும் மேயும் எருமை அதை விழுங்குகிறது. தாயின் உடலில் குடம்பி வளர்வதில்லை. இழையங்களில் உறங்கிக் கிடக்கிறது. கன்று ஈனும் காலத்தை ஒட்டி விழித்து மடிக்கு வந்து, முதற் பத்து நாள் அளவில் பாலோடு கன்றுக்குள் இறங்குகிறது. ஏறத்தாழ மூன்று வாரத்தில் கன்றின் சாணத்தில் முட்டைகள் தோன்றும். நான்கைந்து மாதத்தில் கன்று தானாகவே புழுக்களை வெளியேற்றிவிடும், அதுவரை பிழைத்திருந்தால்.

நோயுற்ற கன்றின் வயிறு பானைபோல் உப்பும், மயிர் சிலிர்த்து நிற்கும். வெளிறிய, நாறும் கழிச்சல் காணும். மூச்சில் புளித்த வெண்ணெய் நாற்றம் வீசுவது இந்நோயின் தனி அடையாளம். புழுக்கள் திரண்டு குடலை அடைத்துக்கொண்டால் கன்று தப்புவது அரிது.

நோய் பரவுவதில் மண்ணின் பங்கு இடத்துக்கு இடம் வேறுபடும். வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதியால் சென்றால் நெளுக்குளம் வரும், பெயரிலேயே குளம். குளமும் வயலும் பற்றைக்காடும் அடுத்தடுத்துள்ள இத்தகைய வன்னிக் கிராமங்களில், கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்தவெளியில் கிடக்கும் சாணம் வெயிலில் உலர, முட்டைகள் மடிகின்றன. பட்டியின் நிழல்மூலை, எருமை புரளும் சேற்றின் ஓரம் போன்ற ஈரமான இடங்களில் அவை மாதக்கணக்கில், சிலவேளை ஓராண்டைத் தாண்டியும் உயிரோடிருக்கும். வயலுக்கு எருவாகட்டும் என்று பட்டியை இடம்மாற்றிக் கட்டும் பழைய வழக்கம், கன்றுகளையும் புதிய நிலத்துக்கு நகர்த்தியது. புழுவைத் தடுக்க எண்ணி யாரும் செய்ததல்ல. பலன் இருந்திருக்கும் என்பது இக்கட்டுரையாளரின் ஊகம்.

உழவு இயந்திரம் வருமுன் வயலை மிதித்துச் சேறாக்கவும் சூடு மிதிக்கவும் எருமை இன்றியமையாததாக இருந்தது. இன்று பாலும் தயிருமே அதை வைத்திருக்கக் காரணம். உள்நாட்டுப் போரில் மக்கள் இடம்பெயர, மாடுகள் கட்டாக்காலிகளாயின. ஆளில்லாப் பட்டிமண் காலப்போக்கில் சுத்தமாகலாம். தாய்விலங்கின் உடல் அப்படியல்ல: உறங்கும் குடம்பிகளோடு அது எங்கே ஈன்றாலும் அந்த மண்ணில் சுற்று மீண்டும் தொடங்கிவிடும்.

எனவே பட்டியைக் கூட்டிப் பெருக்குவதால் மட்டும் இது தீராது. கடும்புப் பாலைக் கறந்து கொட்டுவதோ பெருந்தீங்கு. நோயெதிர்ப்பைக் கன்று பெறுவதே அதிலிருந்துதான். 1989இல் ரொபேர்ட்ஸ் முன்வைத்த வழி எளியது: பிறந்து 10 முதல் 16 நாளுக்குள் பைரன்ரல் போன்ற பூச்சிமருந்து ஒரு முறை. பாலில் குடம்பி வரவு அப்போது நின்றிருக்கும். உள்ளே வந்தவை இன்னும் முட்டையிடத் தொடங்கியிரா. கன்றும் பிழைக்கும், மண்ணில் புது முட்டையும் விழாது.

இதற்குக் கன்று பிறந்த நாள் தெரிந்திருக்க வேண்டும். கொட்டிலில் ஈனும் எருமைக்கு அது சிக்கலில்லை. பற்றைக்குள் ஈன்று சில நாள் கழித்துக் கன்றோடு பட்டிக்குத் திரும்பும் எருமைக்கு, கொப்பூழ்க்கொடி காய்ந்திருப்பதைப் பார்த்துத்தான் நாளைக் குறிக்க வேண்டியிருக்கிறது.