சுவரும் பாடும்: நம் ஏரிக்கரையில் படம் எழுதிய வரலாறு



நம் கோவிலின் தெற்கு மதிற்சுவரில், ஊர் வாலிபர்களும் நம் பகுதிச் சித்திரக்காரர்களும் சேர்ந்து ஜூபிலி நினைவாக ஒரு பெரிய படம் எழுத வேண்டும் என்ற விண்ணப்பம் பங்குப் பேரவைக்கு வந்தபோது, முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "சாமி, வலைக்கே கடன் வாங்குற ஊருக்குச் சுவருல படம் எதுக்கு?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. இம்மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்கப்பட்டதும், அந்தக் கேள்விக்கே வரலாற்றில் விடை தேடினால் என்ன என்று தோன்றியது.

திருச்சபைக்கு இது புதிய கேள்வி அன்று. ஏறத்தாழ கி.பி. 600இல் மார்செய் நகர மேற்றிராணியார் செரேனுஸ் என்பவர், மக்கள் படங்களை ஆராதித்துவிடுவார்கள் என்று அஞ்சித் தம் கோவில்களிலிருந்த படங்களை உடைத்தெறிந்தார். பெரிய கிரகோரியார் பாப்பு அவருக்குக் கடிதம் எழுதினார். ஆராதனையைத் தடுத்தது சரி, உடைத்தது தவறு; ஏடு வாசிக்கத் தெரியாதவர் சுவரைப் பார்த்து வாசிக்கிறார் என்பது அதன் சாரம். குருமடத்தில் இதைப் படித்தபோது நாங்களெல்லாம் படம் என்பது குருவானவர் மக்களுக்குக் காட்டுவது என்றே எண்ணினோம். மக்களே எழுதினால் என்ன என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் பழவேற்காட்டின் பழம் பெருமையே மக்கள் கையால் எழுதிய சித்திரம்தான். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் இங்கு வந்தனர். மகிமை மாதா ஆலயம் 1515இல் எழுந்தது என்பது நம் மறைமாநிலத்தின் மரபு. 1610இல் டச்சுக்காரர் காலூன்றி, 1613இல் கெல்திரியா கோட்டையைக் கட்டினர். அவர்கள் இங்கு வந்தது நம் மீனுக்காக அல்ல, துணிக்காக. கிழக்கே வாசனைத் திரவியத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்குவதற்குச் சோழமண்டலக் கரையின் வண்ணத் துணியே பணம்போலச் செல்லுபடியாயிற்று. மலாய் நாட்டில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'பெலிகாட்' என்று பெயர். அது நம் ஊர்ப் பெயரின் திரிபே.

துணியில் சித்திரம் எழுதுவது ஒருவர் வேலை அல்ல. கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் துணியை நனைத்துக் காயவைப்பார்கள். இரும்பும் வெல்லமும் ஊறிய கருஞ்சாற்றை மூங்கில் கலத்தால் தொட்டுக் கோடு எழுதுவார்கள். படிகாரம் தடவிய இடத்தில் மட்டுமே சாயவேரின் சிவப்பு ஏறும். நீலம் ஏறக்கூடாத இடத்தை மெழுகால் மூட வேண்டும். பிறகு அவுரித் தொட்டி, அலசல், வெயில், மறுபடியும் அலசல். எழுதுகிறவர், மெழுகு பூசுகிறவர், வெளுக்கிறவர் என்று பல கைகள் கூடினால்தான் ஒரு பூ மலரும்.

இந்தத் தொழில் நுணுக்கத்தை ஐரோப்பாவுக்கு விளக்கியவர்களுள் முக்கியமானவர் ஒரு சேசு சபைக் குருவானவர் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிரெஞ்சு நாட்டவரான கேர்தூ சுவாமிகள், 1742இல் எழுதிய நீண்ட கடிதத்தில், மெழுகு முதல் சாயவேர் வரை படிப்படியாக விவரித்தார். அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள், புதிதாக ஞானஸ்நானம் பெற்றிருந்த நம் நாட்டுச் சாயத் தொழிலாளர்கள். கடிதம் எழுதியவரின் பெயர் வரலாற்றில் நின்றது. சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர் நிற்கவில்லை. குருவானவன் என்ற முறையில் இது என்னைச் சற்று உறுத்தத்தான் செய்கிறது.

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகள் காவல் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே வியாபாரிகளும் அதிகாரிகளும் அழகிய எழுத்துப் பொறித்த கற்களின் கீழ் உறங்குகிறார்கள். ஆனால் அதே 17ஆம் நூற்றாண்டில், பஞ்ச காலங்களில், நம் நாட்டு ஏழைகள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக விலைபேசப்பட்டு இக்கரையிலிருந்து பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களுக்குக் கல் இல்லை, படமும் இல்லை. ஜூபிலிச் சுவரில் கோட்டையை எழுதப் போகிறோம் என்று வாலிபர்கள் சொன்னபோது, அந்தக் கப்பலையும் எழுதுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியான திருவழிபாட்டுச் சாசனத்தில், எந்த ஒரு கலைப் பாணியையும் திருச்சபை தனக்கே உரியதென்று கொண்டதில்லை என்று அறிவித்தது. அதற்கு முன்பே அண்டை நாட்டில் ஒருவர் அதைச் செய்து காட்டியிருந்தார். இலங்கை ஓவியர் டேவிட் பெயின்டர், கண்டி திரித்துவக் கல்லூரியின் ஆங்கிலிக்கன் சிற்றாலயச் சுவரில், தாடியில்லாத இளைஞராக இயேசுவைச் சிலுவையில் எழுதினார். பின்னணியில் இருப்பது எருசலேம் அல்ல, அந்நாட்டுக் கழிமுகத்தின் கண்டல் காடு. நம் வீடுகளில் தொங்கும் அச்சுப் படங்களை நான் குறைசொல்லவில்லை. ஆனாலும் ஏரிக் காற்றில் கறுத்த முகம் ஒன்றுகூட அவற்றில் இல்லையே!

ஊர் கூடிச் சுவரில் எழுதும் வழக்கம் நம் காலத்தில் பல நாடுகளில் பரவியது. 1967இல் சிக்காகோவில் கறுப்பின ஓவியர்கள் ஒரு பழைய கட்டடத்தில் தங்கள் இனத்துப் பெரியோரை எழுதினார்கள். சில ஆண்டுகளில் அக்கட்டடமே போய்விட்டது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஜூடி பாக்கா என்ற ஓவியப் பெண்மணி, 1976 முதல் 1983 வரை, வெள்ள வடிகால் ஒன்றின் கான்கிரீட் சுவரில் அரை மைல் நீளத்துக்கு அந்நாட்டுச் சிறுபான்மையினரின் சரித்திரத்தை எழுதச் செய்தார். தூரிகை பிடித்தவர்கள் 400க்கும் மேற்பட்ட இளைஞர்கள். அவர்களில் பலர் வழக்குகளில் சிக்கிய பிள்ளைகள்.

நமக்கு அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. சென்னையின் பல பகுதிகளிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்கள் குடியேற்றப்பட்ட கண்ணகி நகரில், 2020இல் அடுக்குமாடிச் சுவர்களில் ஓவியர்கள் பெரிய பெரிய படங்களை எழுதினார்கள். அந்த முகவரியைச் சொன்னாலே வேலை கிடைக்காது என்று அங்குள்ள வாலிபர்கள் வருந்திய காலம் உண்டு. படம் வந்த பிறகு வெளியூரார் அதைப் பார்க்கப் போனார்கள். வண்ணம் பூசியதால் குழாயில் தண்ணீர் வந்துவிடாது என்பதும் உண்மையே. நம் பெரியவரின் கேள்வி அங்கேயும் பொருந்தும்.

இனி நம் ஊருக்கு வருவோம். முதலில் வரைந்துகாட்டிய மாதிரியில் மாதா, படகு, பூநாரை, ஸ்ரீஹரிக்கோட்டா ராக்கெட் எல்லாம் இருந்தன. அப்போது ஒரு சிறுமி, "இறால் தடவுற ஆயா எங்கே?" என்றாள். பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவுச் சேற்றுநீரில் கையால் இறால் துழாவும் இருளர் பெண்களைத்தான் அவள் கேட்டாள். ஒருவரும் அவர்களை நினைக்கவில்லை, நானும்தான்.

இங்கேதான் பாடு முறையை நினைவுகூர வேண்டும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் தலைமுறைகளாக மீன்பிடி இடங்களைச் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பகிர்ந்து வந்திருக்கின்றன. வலுத்தவன் நல்ல இடத்தை வளைத்துக்கொள்ளாதபடி காத்த ஒழுங்கு அது. ஆனால் பாடு பரம்பரை உரிமை, இல்லாதவருக்கு இல்லை. ஏரியில் பாடு இல்லாதவருக்குச் சுவரிலாவது பாடு உண்டா என்ற கேள்வியைப் பேரவை இரண்டு ஞாயிறுகள் பேசியது. ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கிற நாம் இதற்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியம்தான். கடைசியில் இணங்கினார்கள்.

வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் சுவர் பூத்துவிடும். ஈரச் சுவரின்மேல் எண்ணெய்ப் பெயிண்டைப் பூசினால் செதில் செதிலாக உரியும். ஆகவே பழைய காரையைச் சுரண்டி, நம் ஏரிக் கிளிஞ்சலைச் சுட்டுச் செய்த சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, ஒரு கோடைகாலம் முழுவதும் காயவிட வேண்டும் என்று நம் கொத்தனார்கள் சொல்கிறார்கள். அவசரப்படும் வாலிபர்களுக்கு இது பிடிக்கவில்லை.

சுவரைப் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரித்து, எந்தத் தெரு எந்தப் பகுதியை எழுதுவது என்பதைப் பாடு முறைப்படியே சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பதென்று முடிவாயிற்று. இருளர் குடியிருப்புக்கும் ஒரு சீட்டு உண்டு. முதலில் கேள்வி கேட்ட பெரியவர் இன்னமும் சுவருக்கு எதிர்ப்புதான். ஆனால் சீட்டு ஒழுங்காகப் போட வேண்டுமாம். அதற்கான பானையைத் தம் வீட்டிலிருந்து தாமே கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.