வெஸ்லியன் பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்தில் தஞ்சாவூர்க் கலைஞர்கள்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், மிடில்டவுன் நகரில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் உலக இசை ஆவணக்காப்பகம், தஞ்சாவூரைப் பூர்வீகமாகக் கொண்ட ஓர் இசைக் குடும்பத்தின் ஒலிப்பதிவுகளைப் பாதுகாத்து வருகிறது. டி. பாலசரஸ்வதி, டி. ரங்கநாதன், டி. விசுவநாதன் ஆகிய மூவரும் உடன்பிறந்தோர். இவர்கள் பெயருக்கு முன் நிற்கும் 'டி' தந்தை பெயரின் முதலெழுத்து அன்று; தஞ்சாவூர் என்னும் ஊர்ப்பெயரைக் குறிப்பது.

தாய்வழி மரபு

18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டியர் அவையில் விளங்கிய பாப்பம்மாளிடமிருந்து இம்மரபு தொடங்குகிறது. அவர் வழிவந்த காமாட்சியம்மாள் அவ்வவையில் ஆடியவர். 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். அரண்மனை ஆதரவு நின்றதால் கலைஞர் பலர் சென்னைக்குக் குடிபெயர்ந்தனர். காமாட்சியம்மாளின் பேத்தி வீணை தனம்மாள் (1867–1938) சென்னையில் பிறந்தவர். ஊர் மாறியும் குடும்பத்தார் தஞ்சாவூர்ப் பெயரை விடவில்லை.

வாழ்க்கைக் குறிப்புகள்

டி. பாலசரஸ்வதி (1918–1984): தனம்மாளின் மகள் ஜெயம்மாளின் மகள், பாப்பம்மாளிலிருந்து ஏழாம் தலைமுறை. சரபோஜி மன்னர் கால நட்டுவனார்களான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வரின் வழிவந்த கந்தப்பப் பிள்ளையிடம் ஆடல் பயின்றார். 1925-இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். தாய் பாட, மகள் ஆடினார். 1962 முதல் அமெரிக்காவில் பலமுறை ஆடினார், வெஸ்லியனிலும் கற்பித்தார். 1973-இல் சங்கீத கலாநிதி, 1977-இல் பத்ம விபூஷண் விருதுகள் பெற்றார்.

டி. ரங்கநாதன் (1925–1987): மிருதங்கக் கலைஞர். பழநி சுப்பிரமணிய பிள்ளையின் மாணவர். 1963 முதல் வெஸ்லியனில் கற்பித்தார்.

டி. விசுவநாதன் (1927–2002): புல்லாங்குழல் கலைஞர். காவிரிப் படுகையைச் சேர்ந்த திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் பயின்றார். 1975-இல் வெஸ்லியனில் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே பணியாற்றினார்.

ஜான் ஹிக்கின்ஸ் (1939–1984): அமெரிக்கர், விசுவநாதனின் மாணவர். திருவையாறு தியாகராசர் ஆராதனையில் பாடி, 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்று நம் மக்களால் அழைக்கப்பட்டார்.

ஆவணத்தின் முக்கியத்துவம்

பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் வந்தது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் கொடுமை அதனால் தடுக்கப்பட்டது. ஆனால், பரம்பரையாக ஆடிவந்த குடும்பங்கள் மீது சமூகம் காட்டிய இகழ்ச்சி, பலரை அக்கலையை விட்டே விலகச் செய்தது. பிற சமூகப் பெண்கள் மேடையேறிய காலத்தில், மரபுக் குடும்பங்களின் பெண்களுடைய பெயர்கள் மறக்கப்பட்டன. பாலசரஸ்வதி விலகவில்லை, சிருங்காரத்தை இழிவென்று நீக்க உடன்படவும் இல்லை.

இத்தகையோரின் வாழ்க்கைக் குறிப்பில் தந்தை பெயரையும் பெற்ற விருதுகளையும் மட்டும் எழுதினால் பாதி வரலாறு விடுபடும். தாய், பாட்டி, குரு, ஊர் என எல்லாவற்றையும் எழுதவேண்டும். இதற்கு முன்மாதிரி தஞ்சையிலேயே உண்டு. பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளுள் ஒவ்வொருவரின் பெயரும், எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் கல்வெட்டில் உள்ளன. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்காகக் குறிக்கப்பட்டுள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்வெட்டில் காட்டப்பட்ட அந்தக் கவனம், இன்றைய ஆவணங்களிலும் இருக்கவேண்டும்.