நிறைவும் கற்றலும்: குற்றவியல் நீதிப் பட்டப்படிப்பை எதைக் கொண்டு அளப்பது?

2024 ஜூலை 1 அன்று இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றின் இடத்திலும் புதிய சட்டங்கள் வந்தன. அதற்கு முந்தைய பருவத்தேர்வில் ‘கொலைக்குத் தண்டனை பிரிவு 302’ என்று எழுதி மதிப்பெண் வாங்கிய மாணவர், புதிய சட்டத்தின் கீழ் கேட்கப்படும் கேள்விக்கு அதையே எழுதினால் விடை தவறு. பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்கான தண்டனை 103-ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. அங்கே 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்துடன் பேசுவதைப் பற்றியது. 511 பிரிவுகள் 358 ஆகக் குறைந்ததில் 420 என்ற எண்ணே சட்டத்தில் இல்லை. பேச்சு வழக்கில் மட்டும் இருக்கிறது.

குற்றவியல் நீதி கற்பிக்கும் துறைகளுக்கு இந்த மாற்றம் யாரும் திட்டமிடாத ஒரு தேர்வாக வந்து சேர்ந்தது. எண்களைக் கழித்துவிட்டால் மாணவரிடம் மிஞ்சுவது என்ன? கொலைக்கும் கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கும் உள்ள வேறுபாட்டை அவரால் ஒரு சம்பவத்தை வைத்து விளக்க முடிகிறதா? 2024 ஜூன் மாதம் நடந்த குற்றத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும், ஏன் பொருந்தும் என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் அவர் கற்றிருக்கிறார். நம் மதிப்பீட்டு முறைகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்விகளைக் கேட்பதே இல்லை என்பது என் முதல் வாதம். அந்த இடத்தை இப்போது மாணவர் நிறைவு குறித்த கருத்துக்கணிப்பு நிரப்பி வருகிறது, அது நிரப்பக்கூடாத இடம் என்பது இரண்டாவது வாதம்.

தமிழ்நாட்டில் இப்படிப்புக்கு ஆழமான வேர் உண்டு. இந்தியக் குற்றவியல் சங்கம் 1970 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்டு இயங்குகிறது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்கும் குற்றவியல் நீதிக்கும் தனித்துறையே இருக்கிறது. இத்துறைகளும் மற்றத் துறைகளைப் போலவே தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவான நாக் அமைப்பின் அளவுகோலுக்கு உட்பட்டவை. 2017-இல் திருத்தப்பட்ட அந்த அளவுகோலில் மாணவர் நிறைவுக் கருத்துக்கணிப்பு ஓர் அங்கம். பாடத்திட்டத்தில் எத்தனை விழுக்காடு வகுப்பில் நடத்தி முடிக்கப்பட்டது, ஆசிரியர் எவ்வளவு ஆயத்தத்துடன் வந்தார், எவ்வளவு தெளிவாகப் பேசினார் என்று அது கேட்கிறது. கேட்க வேண்டியவைதாம். ஆனால் பாடம் முடிந்ததா என்ற கேள்விக்கான விடை, பாடம் புரிந்ததா என்பதற்கு விடையாகாது.

நிறைவும் கற்றலும் சேர்ந்தே நடக்கும் என்ற நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. 1981-இல் பீட்டர் கோஹன் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மாணவர்கள் உயர்வாக மதிப்பிட்ட ஆசிரியர்களிடம் படித்தவர்கள் தேர்விலும் ஓரளவு நன்றாகவே செய்தார்கள் என்றார். 2017-இல் பாப் உட்லும் உடனாய்வாளர்களும் அதே வகை ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டபோது அந்த உறவு ஏறத்தாழ மறைந்துபோனது. பழைய முடிவு சிறிய மாதிரிகளைப் பெரிதும் நம்பியிருந்தது. 2019-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. தாங்களே கணக்குப் போட்டுத் திணறிய வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றார்கள். ஆனால் சரளமான விரிவுரையைக் கேட்ட வகுப்பில்தான் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். கற்கும்போது ஏற்படும் திணறலைக் கற்காமை என்று மாணவர் மனம் தவறாகப் படித்துக்கொள்கிறது.

இயற்பியலுக்குப் பொருந்தும் இந்த முடிவு குற்றவியல் நீதிக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். சாய்தளத்தில் உருளும் பந்தைப் பற்றி மாணவருக்கு முன்கூட்டியே கோபம் எதுவும் இருப்பதில்லை. குற்றத்தைப் பற்றி எல்லோருக்கும் இருக்கிறது. ‘இவனையெல்லாம் அங்கேயே சுட்டிருக்கணும்’ என்ற பேச்சைத் தேநீர்க்கடையிலும் வீட்டிலும் கேட்டு வளர்ந்துதான் இருபது வயதில் ஒருவர் வகுப்புக்குள் வருகிறார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நான்கில் மூவர் குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். இந்த எண்ணை மனப்பாடம் செய்வது எளிது. இதன் பொருளைத் தன் பழைய கோபத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வலிக்கும். அந்த வலியை மாணவருக்குக் கொடுக்கும் ஆசிரியர், அதே மாதம் வரும் கருத்துக்கணிப்பில் உயர்ந்த மதிப்பெண் வாங்குவார் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

இன்னொரு காரணம் இதைவிட அடிப்படையானது. இப்படிப்பின் பயனாளி மாணவர் மட்டுமல்லர். அவர் நாளை நன்னடத்தை அலுவலராகவோ, சிறை அலுவலராகவோ, உதவி ஆய்வாளராகவோ, பாதிக்கப்பட்டோருக்கான ஆலோசகராகவோ ஆகும்போது அவர் முன்னால் வந்து நிற்பவரும் பயனாளிதான். கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் பதினைந்து வயதுப் பையனின் கையில் எந்தக் கருத்துக்கணிப்புப் படிவமும் இல்லை. மாணவர் கற்றாரா என்பதை மாணவரின் நிறைவைக் கொண்டு முடிவு செய்யும்போது அந்தப் பையன் கணக்கிலேயே வராமல் போகிறான்.

கருத்துக்கணிப்பைக் குறை கூறிவிட்டுத் தேர்வை அப்படியே விட்டுவிடுவதும் நேர்மையாகாது. அகமதிப்பீட்டுக்கு 25, பருவத்தேர்வுக்கு 75 என்ற பரவலான முறையில், ‘டி.கே. பாசு வழக்கின் வழிகாட்டு நெறிகளை விவரி’ என்பது பத்து மதிப்பெண் கேள்வி. 1996-இல் உச்ச நீதிமன்றம் கைதுக்கு வகுத்த அந்தப் பதினொரு நெறிகளையும் வரிசை பிசகாமல் எழுதும் மாணவர்கள் நிறையப் பேர். அதே மாணவரிடம் ஒரு ரிமாண்ட் அறிக்கையைக் கொடுத்து, இதில் எது இல்லை என்று கேட்டால் என்ன சொல்வார்? கைதுக் குறிப்பில் சாட்சியின் கையெழுத்து இல்லாதது கண்ணில் படுமா? உறவினருக்குத் தகவல் தந்த நேரம் விடுபட்டிருப்பது? கைதானவர் பெண், நேரம் இரவு எட்டு மணி. அப்படியானால் நீதித்துறை நடுவரின் முன் அனுமதி எங்கே என்று கேட்கத் தோன்றுமா? 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் மாண்ட பிறகு, ரிமாண்ட் என்ற கட்டத்தில் யார் எதைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கேள்வியைத் தென்மாவட்ட மாணவர் ஒவ்வொருவரும் கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்கு வினாத்தாளில் இடமில்லை.

எனவே மதிப்பீட்டின் மையத்தில் வழக்குக் கட்டு இருக்க வேண்டும் என்பது என் முன்மொழிவு. முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், ஒப்புதல் வாக்குமூலம், உடற்கூராய்வு அறிக்கை, ரிமாண்ட் அறிக்கை ஆகிய ஐந்தும் அடங்கிய, பெயர்கள் மாற்றப்பட்ட ஒரு கட்டைப் படிப்பின் முதல் மாதத்தில் மாணவரிடம் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரம், புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். கடைசிப் பருவத்தில் அதே கடினத்தன்மை கொண்ட வேறொரு கட்டு. இரண்டு விடைகளுக்கும் இடையிலுள்ள தூரம்தான் துறை சேர்த்துக் கொடுத்த கற்றல். விடைத்தாள் எந்தப் பருவத்தைச் சேர்ந்தது என்று திருத்துபவருக்குத் தெரியக்கூடாது.

கட்டு தமிழில் இருக்க வேண்டும். மொழிப்பற்றால் மட்டும் இதைச் சொல்லவில்லை. பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்க, தமிழ்நாட்டுக் காவல் நிலையங்கள் எழுதுவது தமிழில். ‘பிரசம்ப்ஷன் ஆஃப் இன்னொசன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதும் மாணவர், குற்றம் சாட்டப்பட்டவரை நம் காவல்துறைத் தமிழ் ‘எதிரி’ என்று குறிப்பதைக் கவனிக்காமல் கடந்துபோவார். யாருக்கு எதிரி? அரசுக்கா, வாதிக்கா, எழுதும் காவலருக்கா? ‘எதிரி தாமாக முன்வந்து கொடுத்த வாக்குமூலம்’ என்ற வாக்கியத்தில் ‘தாமாக முன்வந்து’ என்ற இரு சொற்கள் என்ன வேலை செய்கின்றன? காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது என்பது பழைய சட்டத்திலும் விதி, இன்றைய பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-ஆம் பிரிவிலும் விதி. அதன் வழியே கண்டெடுக்கப்பட்ட பொருளோடு தொடர்புடைய பகுதி மட்டுமே விலக்கு. எந்த வரி அந்த விலக்குக்குள் வரும், எது வராது என்று வாக்குமூலத்தில் கோடிட்டுக் காட்டும் மாணவரின் கற்றலைப் பற்றி எந்தக் கணிப்பும் தேவையில்லை.

களப்பயிற்சிக்கும் இதே அளவுகோல்தான். இன்று அது வருகைச் சான்றிதழோடு முடிந்துவிடுகிறது. காவல் நிலையத்தில் நான்கு வாரம் இருக்கும் மாணவர், புகார் கொடுக்க வந்தவர் முதல் தகவல் அறிக்கை இல்லாமல், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் திரும்பிப் போவதைப் பார்ப்பார். கைது செய்யத்தக்க குற்றம் தெரியவந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் பதினான்கு நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு வழிவிட்டிருக்கிறது. தான் பார்த்த ரசீது இவற்றில் எதனுள் அடங்கும், எதனுள்ளும் அடங்காமல் தொங்குகிறதா என்று மாணவர் எழுதும் இரண்டு பக்கம், நூறு பக்கப் பயிற்சி அறிக்கையைவிடக் கற்றலைத் துல்லியமாகக் காட்டும்.

அமெரிக்க அனுபவம் ஓர் எச்சரிக்கை. 1968-இல் அங்கு இயற்றப்பட்ட சட்டம் காவலர்களின் கல்லூரிப் படிப்புக்குக் கடனும் உதவித்தொகையும் வழங்கியது, பட்டப்படிப்புகள் பெருகின. லாரன்ஸ் ஷெர்மன் எழுத, ஓர் ஆணையத்தின் சார்பில் 1978-இல் வெளிவந்த அறிக்கை, அவற்றில் பல காவல் பயிற்சிப் பள்ளியின் பாடங்களையே கல்லூரிப் பெயரில் நடத்துவதாகக் கடிந்தது. சேர்க்கை எண்ணிக்கையை வெற்றியாகக் கொண்டதால் வந்த வினை அது. நிறைவு எண்ணிக்கையும் அதே தவற்றுக்கு நம்மை இட்டுச் செல்லக்கூடும்.

கருத்துக்கணிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாணவர் மட்டுமே அறிந்த செய்திகள் சில உண்டு. அவற்றைக் கேட்க வேண்டும். பிணவறையையும் சிறையையும் பார்த்துவிட்டு வந்த இரவு தூக்கம் வந்ததா, யாராவது பேசினார்களா? களப்பயிற்சியில் மாணவிகள் பாதுகாப்பாக உணர்ந்தார்களா? வகுப்பில் ஒரு சாதியின் பெயர் குற்றத்தோடு சேர்த்துப் பேசப்பட்டதா? மாற்றுக்கருத்துச் சொன்னவர் மதிப்பெண் இழந்தாரா? இவற்றுக்கு வரும் விடைகள் ஒரு துறையை ஒரே பருவத்தில் திருத்திவிடும் வலிமை கொண்டவை.

வேலை குறித்த அதிருப்தியையும் தனியே பிரித்தெடுக்க வேண்டும். உதவி ஆய்வாளர் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். வேதியியல் படித்தவரும் குற்றவியல் படித்தவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். ‘இந்தப் படிப்பு பயன்படாது’ என்று இறுதியாண்டு மாணவர் படிவத்தில் எழுதும் கசப்பில் பெரும்பங்கு அரசின் ஆட்சேர்ப்பு விதிகளை நோக்கியது. அது ஆசிரியரின் கணக்கில் ஏறுவது அநீதி. அரசின் பார்வைக்குப் போகாமல் கோப்பிலேயே தங்கிவிடுவது அதைவிடப் பெரிய இழப்பு.

டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சி மதிப்பீட்டுக்கு நான்கு படிகளை வகுத்தார்: பயிற்சி பெற்றவரின் எதிர்வினை, கற்றல், பணியிடத்தில் நடத்தை, விளைவு. நாம் நிற்பது முதற்படியில். இரண்டாம் படிக்கு வழக்குக் கட்டு போதும். மூன்றாவதற்கு, பட்டம் பெற்று இரண்டு ஆண்டு கழித்துப் பழைய மாணவர்களைத் தேடிப்போக வேண்டும். துறையின் தொலைபேசிப் பட்டியலும் ஒரு முனைவர் பட்ட மாணவரின் ஓராண்டு உழைப்பும் இருந்தால் முடியும். அந்தப் பழைய மாணவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் முதலாவது, படிப்பு பிடித்திருந்ததா என்பதாக இருக்கக்கூடாது. கடந்த ஓராண்டில் உங்கள் மேலதிகாரி சொன்ன எதையாவது, சட்டம் இதற்கு இடம்தரவில்லை ஐயா என்று மறுத்தீர்களா? எந்த நாள், எந்த விஷயம், அதன் பிறகு என்ன நடந்தது?